லத்தீஃபாவின் தொழுகை இல்லாத நாட்கள்

மன்னார்குடியில் அந்தத் தெருப் பெண்களின் ரகசியமெல்லாம் லத்தீஃபாவின் தையல் மிஷினைச் சுற்றித்தான் கிடக்கும். யாருக்கும் பயப்படாத வாய் அவளுக்கு. ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்தவளிடம் படுக்கை விஷயத்தைக்கூடப் பட்டென்று கேட்டுவிடுவாள். அப்பேர்ப்பட்டவளுக்குத் தன் புருஷனிடம் ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லை.

வயது நாற்பத்தெட்டு. மாதவிலக்கு தன் இஷ்டத்துக்கு வந்து போனது. கூடவே ஆசையும் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டது. கல்யாணமான புதிதில் புருஷன் கலந்தரைவிட அவளுக்குத்தான் அவசரம். இப்போதோ அவர் நெருங்கி வந்தால் ஃபேனைக் கூட்டி வைக்கத்தான் தோன்றியது. வேண்டாம் என்றால், தன்னையே வேண்டாம் என்கிறாள் என்று மனிதர் எடுத்துக்கொள்வாரே என்று பயந்தாள். அதனால், "எனக்குத் தொழுகை இல்லங்க" என்று சொல்ல ஆரம்பித்தாள். மாதவிலக்கு நாட்களில் தொழக்கூடாது என்பதால், அதை அந்த வீடுகளில் அப்படித்தான் சொல்வது. கலந்தரும் மறுபேச்சில்லாமல் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

ஆனால் அப்படிச் சொல்லிவிட்டு அவர் கண்ணெதிரே தொழ முடியாது. தொழுகையை விட்டுவிடவும் மனசு கேட்கவில்லை. அவர் தன் பம்புசெட் சாமான் கடைக்குப் போனதும், அரிசி மூட்டை அறையில் பாயை விரித்துத் திருட்டுத்தனமாகத் தொழுதாள். தொழுகையைப் போய் ஒளித்துச் செய்கிறோமே என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

ஒருநாள் மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டு மதியமே திரும்பி வந்தார் கலந்தர். தொழுகை முடிந்து ஸலாம் சொல்லி முகத்தைத் திருப்பிய லத்தீஃபா, வாசற்படியில் அவரைப் பார்த்தாள்.

"காலையிலதானே தொழுகை இல்லன்னே?"

இனி மறைத்துப் பயனில்லை.

"பொய்ங்க. ஆறு மாசமா எனக்கு அந்த நெனப்பே வரமாட்டேங்குது. உங்க மேல உள்ள பிரியம் அப்படியேதான் இருக்கு. எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

கலந்தர் அரிசி மூட்டைமேல் தொப்பென்று உட்கார்ந்தார். திட்டப்போகிறார் என்று பார்த்தால், அழுதார்.

"மாசத்துக்கு ரெண்டு தடவை, மூணு தடவைன்னு சொன்னியே. கர்ப்பப்பையில ஏதோ பெரிய வியாதின்னுல்ல பயந்துகிட்டிருந்தேன். தஞ்சாவூர்ல டாக்டரம்மாகிட்ட நாளைக்கு டோக்கன் போட்டிருக்கேன். அதை உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு எனக்கும் தெரியல."

லத்தீஃபாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"டோக்கன் இருக்கட்டும். இதுக்கு ஏதும் வைத்தியம் இருக்கான்னு கேப்போம்."

"இல்லாட்டியும் போவுது, விடு" என்றார்.

பக்கத்தில் உட்கார்ந்தால் எங்கே போய் முடியுமோ என்று ஆறு மாதமாக ஒதுங்கியே நடந்தவள், அவரை ஒட்டி உட்கார்ந்து தோளில் சாய்ந்தாள். இதையும் சேர்த்துத்தான் இத்தனை நாள் இழந்திருக்கிறோம் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.