உப்படைத்த ரேடியேட்டர்

எனக்குக் கை முந்தும், புத்தி பிந்தும். வீட்டிலும் சொல்வார்கள், கார் ஸ்டாண்டிலும் சொல்வார்கள். சொன்னால் மட்டும் திருந்திவிடுவேனா?

அப்போது தாம்பரத்திலிருந்து சிறுசேரிக்குக் கம்ப்யூட்டர் கம்பெனி ஆட்களை ஏற்றிப்போகும் டிரிப் என் பழைய டீசல் காருக்குக் கிடைத்திருந்தது. ஒரே வாரத்தில் இரண்டு முறை, மேடவாக்கம் தாண்டுவதற்குள் ஹீட் முள் சிவப்புக் கோட்டுக்கு ஏறி, பானெட் புகை கக்கியது. கழுத்தில் அட்டை தொங்கும் பிள்ளைகள் ரோட்டோரம் நின்று ஷேர் ஆட்டோவுக்குக் கைகாட்டினார்கள். டிரிப் கொடுக்கும் சூப்பர்வைசர் போனில் ஒரே வரிதான் சொன்னார்: "இன்னொரு தடவை நடுரோட்டுல நிறுத்துனீங்கன்னா வேற வண்டி போட்டுடுவேண்ணா." அந்த டிரிப் போனால் வண்டியை விற்பதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை.

அன்று மதியமே மெக்கானிக்கிடம் போனேன். பள்ளிக்கூடத்தில் ஒன்றாக அடி வாங்கியவர்கள் நாங்கள். மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். எஞ்சின் சூடேறும் வரை தண்ணீரைத் தடுத்து வைக்கும் வால்வை ஆறு மாதம் முன்பு கழற்றி எறிந்தவன் அவன்தான். "நம்ம ஊரு வெயிலுக்கு இது இன்னாத்துக்கு மச்சான்?" என்றான். எல்லா ஷெட்டிலும் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் ஸ்டாண்டில் ஒருவன், "வால்வ புடுங்கிட்டா பாயில் ஆவாம இன்னா பண்ணும்?" என்று கொளுத்திப் போட்டிருந்தான். வழி முழுக்க அதுவே என் மண்டைக்குள் ஓடியது.

அவன் எஞ்சினை ஓடவிட்டான். ஃபேனைப் பார்த்தான், பெல்ட்டைப் பார்த்தான். "ரெண்டும் நல்லாத்தான் கீது. பொறு மச்சான், ஒண்ணொண்ணா பாக்கலாம்."

"இன்னாடா பொறுக்கறது? என் பொழப்ப கெடுத்ததே நீதானே!"

அவன் சிரித்தான். அவ்வளவுதான். சட்டையைப் பிடித்து இழுத்து, இடது காதோடு சேர்த்து ஓர் அறை விட்டேன். பம்பரில் மோதி விழுந்தவன் எழுந்து என் வாயில் குத்தினான். பல் உதட்டில் இறங்கியது. நான் அவன் கழுத்தை நெரிக்க, அவன் என் வயிற்றில் முழங்காலை ஏற்ற, வண்டி முன்னாலேயே கட்டிப் புரண்டோம். கொன்றுவிட வேண்டும் என்றுதான் இருந்தது. ஸ்பானர் கைக்கு எட்டியிருந்தால் கொன்றிருப்பேன்.

அவனைப் பிடித்துக்கொண்டு நான் எழுந்த நேரம், ஓடிக்கொண்டிருந்த எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் ரப்பர் ஹோஸ் படீரென்று வெடித்தது. கொதிநீர் என் முதுகில் பீய்ச்சியடித்தது. "ஐயோ!" என்று அலறினேன். என் சட்டையைக் கிழித்து எறிந்து, வாளி வாளியாகத் தண்ணீரை என்மேல் ஊற்றியவன் அவன்தான். ஊற்றிக்கொண்டே என் பரம்பரையையே கெட்ட வார்த்தையில் இழுத்தான்.

எஞ்சினை அணைத்த கையோடு ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தான். "மேல கொதிக்குது, கீழ சில்லுனு கீது. அடைப்புடா." ஆறியதும் அதைக் கழற்றி, மேல் மூடியைப் பிரித்தான். உள்ளே இருந்த சின்னக் குழாய்களில் சுண்ணாம்பு பூசினாற்போல் ஏதோ வெள்ளையாக அடைத்திருந்தது. ஸ்க்ரூடிரைவரால் சுரண்டி ஒரு சில்லை என் மடியில் எறிந்தான்.

"இன்னா தண்ணி ஊத்துற?"

"வூட்டு போர் தண்ணிதான்."

கோவிலம்பாக்கத்தில் எங்கள் போர் தண்ணீரில் பருப்பு வேகாது. குடிக்கக் கேன் தண்ணீர்தான். தினமும் காலையில் வண்டியைக் கழுவிவிட்டு, அதே உப்புத் தண்ணீரை ரேடியேட்டரிலும் நிரப்பி, கும்பிட்டுவிட்டுக் கிளம்புவேன். என் பிழைப்பைக் கெடுத்தது நானேதான்.

கம்பி விட்டு அடைப்பெடுத்து, புது ஹோஸ் மாட்டி, இருட்டுவதற்குள் வண்டியைக் கொடுத்துவிட்டான். மறுநாள் சிறுசேரி வரை முள் அசையவில்லை. டிரிப் தப்பியது.

அவன் காது தப்பவில்லை. செவிப்பறை கிழிந்துவிட்டது என்றார் டாக்டர். மெக்கானிக்குக்குப் பாதி வேலை காதால்தான். அடுத்த முறை நான் போனபோது வலது காதை எஞ்சின் பக்கம் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான். இடப்பக்கம் நின்று, "மன்னிச்சிடு மச்சான்" என்றேன். அவனுக்குக் கேட்கவில்லை. சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய்ச் சொல்ல எனக்கு இன்றுவரை துணிச்சல் வரவில்லை.