படகில் பத்துப் பேர்

இதை நம்புங்கள் என்று நான் யார் காலிலும் விழப் போவதில்லை. நடந்தது. பட்டப்பகலில் நடந்தது. சுக்கானைப் பிடித்திருந்தவன் நான்.

எழுதக் காரணம் ஒன்றுதான். பெற்ற பிள்ளையையே எண்ணத் தெரியாதவள் என்று என் மகளைப் பேசுகிறார்கள். மூன்று தலைமுறையாகப் படகு ஓட்டும் குடும்பம் எங்களுடையது. ஏற்றிக்கொண்டு போன ஒருவரையும் கடலில் விட்டுவிட்டு வந்ததில்லை. அந்தப் பெயரில் கரி பூசுவதைப் பார்த்துக்கொண்டு நான் வாய் மூடி இருக்க மாட்டேன்.

அது கோடை முகாம். பாய்மரம் ஓட்டவும், சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலடியில் நீந்தவும் பழக வந்த பிள்ளைகள் பத்துப் பேர். எல்லாருக்கும் பதின்மூன்று, பதினான்கு வயது. கற்றுக்கொடுப்பவள் என் மகள். பத்தில் ஒருத்தி அவள் பெற்ற பெண், என் பேத்தி. ஆள் சிறிசு, அதனால் சுண்டு. அவளோடு எப்போதும் ஜோடியாக இறங்குபவன் நெட்டையான ஒரு பையன். அவனுக்கு ஒட்டடைக்குச்சி என்று பெயர் வைத்தவளும் அவள்தான். காலையில் பாய் ஏற்றும்போது அவன் ஓரமாகப் போய் வாந்தி எடுத்தான்.

"மீனுக்கெல்லாம் சாப்பாடு போட்டுட்டான் தாத்தா" என்றாள். படகே சிரித்தது.

பதினொன்று பத்துக்கு எல்லாரும் இறங்கினார்கள். ஆழம் பெரிதில்லை. படகில் நான் மட்டும். பக்கத்தில், அவசரத்துக்கு என்று மீதி வைத்த ஒரு சிலிண்டர். மூடியின் சீல்கூட உடைக்கவில்லை.

பதினொன்றே முக்காலுக்கு மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. காற்று திரும்பியது. பிள்ளைகள் ஒவ்வொருவராக மேலே வந்து தலையில் கை வைத்துக் காட்டினார்கள். நலம் என்று அர்த்தம். கை கொடுத்துத் தூக்கினேன். கடைசியாக மகள் ஏறினாள்.

எங்கள் படகில் ஒரு சட்டம் உண்டு. எண்ணி முடித்து நான் சொல்லும்வரை யாரும் மாஸ்க்கைக் கழற்றக் கூடாது. அலையடித்து யாராவது திரும்ப விழுந்தால் கண்ணாவது தெரிய வேண்டும். தலையுறையும் மாஸ்க்குமாக இருந்தால் எல்லாப் பிள்ளைகளும் ஒரே அச்சு. மகள் ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினாள். பத்து. நானும் எண்ணினேன். பத்து.

சுண்டு வழக்கம்போல என் காலடியில் வந்து உட்கார்ந்தாள். துண்டைப் போர்த்திவிட்டேன். தோள் ஐஸ்கட்டியாக இருந்தது.

"குளிருதாடா கண்ணு?"

துண்டை இன்னும் இழுத்துப் போர்த்தினேன்.

மற்ற பிள்ளைகளின் உடையில் சொட்டுவது குறைந்துவிட்டது. அவளிடமிருந்து மட்டும் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. என் பாதம் நனைந்தது. இன்னும் வந்தது...

எஞ்சின் சாவியில் கை வைத்தேன்.

டக்... டக்... டக்...

கீழேயிருந்து. ஆழத்தில் இருப்பவர்கள் உதவிக்குக் கூப்பிட, கல்லால் சிலிண்டரைத் தட்டுவார்கள். அதே சத்தம்.

"கீழ யாரும்மா?"

"யாரும் இல்லப்பா. பத்துப் பேரும் இருக்காங்க."

மறுபடி எண்ணினாள். பத்து.

டக்... ... டக்...

"எல்லாரும் மாஸ்க்கைக் கழட்டுங்க" என்றேன்.

கழற்றினார்கள். என் காலடியில் இருந்தது கழற்றவில்லை.

குனிந்தேன். மாஸ்க்குக்குள் தண்ணீர். விளிம்புவரை. அதற்குள்ளே இரண்டு கண்கள். இமைக்கவில்லை...

ஒட்டடைக்குச்சி தன் கையைப் பார்த்தான். "என் கையப் புடிச்சுக்கிட்டுதான் மேல வந்துச்சு... அது சுண்டு இல்ல தாத்தா."

மகளைத் திரும்பிப் பார்த்தேன். ஒரே நொடி.

குனிந்தபோது துண்டு மட்டும் கிடந்தது.

ஒன்பது.

மகள் அலறவில்லை. முதுகில் இருந்த சிலிண்டரோடு அப்படியே குதித்தாள்.

நான் யாரிடமும் எதற்கும் கையேந்தியவன் இல்லை. அன்று தண்ணீரைப் பார்த்துக் கும்பிட்டேன். என்னை எடுத்துக்கொள். குழந்தையை விட்டுவிடு. என்னை எடுத்துக்கொள்...

டக்...

அதற்குப் பிறகு சத்தம் இல்லை.

மழை கொட்டியது. குமிழி எது, மழைத்துளி எது...

தெரியவில்லை.

பன்னிரண்டு ஐந்து.

ஒரு கை.

மகள். அவள் தோளில் சுண்டு. உதடு நீலம்.

நெஞ்சை அழுத்தினோம். அழுத்தினோம். அழுத்தினோம்...

இருமினாள்.

அன்று மாலை ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் அவளுக்குப் பேச்சு வந்தது.

"மேல வரலாம்னு திரும்பினேன் தாத்தா. ஒருத்தி வந்தா. நம்ம உடைதான் போட்டிருந்தா. என் கையை எடுத்து நங்கூரச் சங்கிலி மேல வச்சா. அப்புறம் சைகை காட்டினா. நீ இங்க இரு, நான் மேல போறேன்னு. அதுக்கப்புறம் என் கை சங்கிலிய விட்டு வரவே இல்ல. இன்னொரு கையாலதான் தட்டினேன்."

மறுநாள் சிலிண்டர்களுக்குக் காற்று அடைப்பவர் போன் செய்தார். அந்த மீதி சிலிண்டரை யார் மாட்டினார்கள் என்று கேட்டார். யாரும் தொடவில்லை என்றேன்.

"சீல் அப்படியேதாங்க இருந்துச்சு. ஆனா உள்ள காத்து இல்ல. தொறந்தா கடல் தண்ணி கொட்டுது."

முகாம் நடத்துபவர்கள் என் மகளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். நிறுத்தட்டும். அவள் சரியாகத்தான் எண்ணினாள். முதலில் பத்துப் பேரை ஏற்றினோம். பிறகு சுண்டுவை ஏற்றினோம்.

படகிலிருந்து எதுவும் திரும்பக் கடலில் குதித்த சத்தம், அன்று எங்களில் ஒருவருக்கும் கேட்கவில்லை.