இரண்டாம் இடத்துத் தண்ணீர்

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு தைப்பிங்கிலிருந்து பினாங்கு போனேன். சுற்றிப் பார்க்க அல்ல. ஜார்ஜ் டவுனை ஒட்டிய ஒரு கடற்கரையில் இடைநிலைப்பள்ளி மாணவர்கள் மாதம் ஒருமுறை கடல்நீரைச் சோதிக்கிறார்கள், பொதுமக்களும் சேர்ந்துகொள்ளலாம் என்று முகநூலில் ஓர் அறிவிப்பு வந்திருந்தது. கட்டணம் இல்லை. டீ-சட்டை இலவசம், மதியச் சாப்பாடும் உண்டு. அடியில் அடுக்குமாடி வீடு கட்டும் ஒரு நிறுவனத்தின் சின்னம். கடலோரத்தில் வீடு விற்பவர்களுக்குக் கடல் சுத்தமாக இருப்பதாகக் காட்டுவதில் என்ன லாபம் என்று உங்களுக்குத் தோன்றாவிட்டால் நீங்கள் நல்ல மனசுக்காரர். எனக்கு அதுதான் முதலில் தோன்றியது. பதினோரு வருடமாகக் கையுறைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. எதையும் சட்டென்று நம்பாமல் இருக்கத்தான் எனக்குச் சம்பளம்.

தைப்பிங்கிலிருந்து பட்டர்வொர்த்துக்கு கொமுட்டர் ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல், பத்து வெள்ளிக்குள், அதாவது பத்து ரிங்கிட்டுக்குள், முடிந்தது. அங்கிருந்து பெர்ரி இரண்டு வெள்ளி. கார்டு வைத்துக்கொள்ளுங்கள், ரொக்கம் எடுபடாது. லிட்டில் இந்தியா பக்கத்தில் எண்பத்தைந்து வெள்ளிக்கு ஓர் அறை. சுத்தமான அறைதான், ஆனால் படத்தில் இருந்த ஜன்னல் அறையில் இல்லை.

சனிக்கிழமை காலை 6.40க்கு கிராப் வாடகைக் கார் எடுத்தேன். ஏழு கிலோமீட்டர், பதின்மூன்று வெள்ளி. ஓட்டுநர் குணா, ஐம்பது வயதிருக்கும், ஓய்வு நாளில் தூண்டில் போடுகிறவர். நான் எதற்காகப் போகிறேன் என்று சொன்னதும் சிரித்துவிட்டார்.

"அந்தத் தண்ணி டெஸ்ட் பண்ற பிள்ளைங்களா? அங்க பெரிய லோங்காங் ஒண்ணு கடல்ல விழுது பாருங்க, அதுகிட்ட மீன் செத்துச் செத்து மிதக்குது. நாங்க பத்துப் பேரு சேர்ந்து அதிகாரிங்ககிட்ட புகார் கொடுத்தோம் லா."

"என்ன பதில் வந்துச்சு அண்ணே?"

"தன்னார்வலருங்க மாசாமாசம் அளக்கிறாங்களாம், ரீடிங் எல்லாம் நல்லா இருக்காம். அதோட ஃபைலை மூடிட்டாங்க. நீங்களே போய்ப் பாருங்கம்மா, எப்படி நல்லா இருக்குன்னு."

லோங்காங் என்றால் இங்கே பெரிய சாக்கடைக் கால்வாய். சின்னம் பார்த்தபோது வந்த சந்தேகம் இப்போது உறுதியாகிவிட்டது.

ஏழு மணிக்குக் கடற்கரையில் இருபது மாணவர்களும் என்னைப் போல ஐந்தாறு பேரும் கூடியிருந்தார்கள். அறிவியல் ஆசிரியை வசந்தி டீச்சர் வேகமாகப் பேசி வேலையைப் பிரித்துக் கொடுத்தார். நான்கு இடங்கள். ஒவ்வொன்றிலும் வெப்பநிலை, கலங்கல், நீரில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜன். அந்த ஆக்ஸிஜன் குறைந்தால் மீனுக்கு மூச்சு முட்டும். ஒன்றாம் இடம் மணல்கரை. இரண்டாம் இடம், குணா அண்ணன் சொன்ன அதே லோங்காங்கின் வாய். இவ்விரண்டுக்கும் என்னை ஷாமினி என்ற, படிவம் நான்கில் படிக்கும் பதினாறு வயது மாணவியுடன் அனுப்பினார்.

நடக்கும்போதே அவளிடம் பழைய அளவுத் தாள்களைக் கேட்டு வாங்கினேன். கொடுக்க அவளுக்கு மனமில்லை என்பது தெரிந்தது. மூன்று மாதத் தாள்கள். மூன்றிலும் முதல் இடத்து எண்ணும் இரண்டாம் இடத்து எண்ணும் இரட்டைப் பிள்ளைகள் போல இருந்தன. மணல்கரையில் ஆக்ஸிஜன் 6.1 என்றால் சாக்கடை வாயிலும் 6.1. ஒவ்வொரு தாளின் அடியிலும் 'உடன் சென்று பார்த்தேன்' என்ற வரி, அதன் மேல் பொதுமக்களில் ஒருவரின் கையெழுத்து. மூன்று மாதம், மூன்று வெவ்வேறு ஆட்கள்.

வீட்டுக் கம்பெனிக்காரன் டீச்சரைக் கைக்குள் போட்டிருக்கிறான், டீச்சர் பிள்ளைகளைக் கைக்குள் போட்டிருக்கிறார். மனதில் வழக்கே முடிந்துவிட்டது எனக்கு.

மணல்கரையில் ஷாமினி முழங்கால் ஆழம் இறங்கிப் பாட்டிலை நிரப்பினாள். மூடினாள். பிறகு இன்னொரு பாட்டிலை எடுத்து அதே இடத்தில் அதையும் நிரப்பினாள். தாள் செருகிய அட்டையை என்னிடம் நீட்டினாள்.

"அக்கா, இங்க ஒரு சைன் போட்டுடுங்க. ரெண்டுக்கும் சேர்த்து."

"இரண்டாவது இடத்துக்கு நம்ம போகவே இல்லையேம்மா."

"அதுவும் இதே தண்ணிதான் அக்கா. எல்லாரும் போட்டாங்க."

"யாரு இப்படிச் செய்யச் சொன்னது? டீச்சரா?"

"ஐயோ, டீச்சருக்குத் தெரியாது!" அவள் முகம் வெளுத்துவிட்டது. "முதல் மாசம் அந்த லோங்காங் பக்கத்துப் பாறையில என் ஃப்ரெண்ட் வழுக்கி விழுந்தா. காலுல நாலு தையல். வீட்டுல படியில விழுந்தேன்னு சொல்லிட்டா. தெரிஞ்சா புரோகிராமையே நிறுத்திடுவாங்க அக்கா. அதான் நான்…"

என் வழக்கு அங்கேயே கவிழ்ந்தது. எனக்குக் கோபம் வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. அவள் பயந்து செய்ததை வைத்துப் பத்துப் பேரின் புகாரை மூடியிருக்கிறார்கள் என்று அவளிடம் சொன்னேன். அது அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. தாளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பாறைக்குப் போக வேண்டியதில்லை, மேலே சாலைப் பாலம் இருக்கிறது என்று காட்டினேன். வாளியில் கயிறு கட்டிப் பாலத்திலிருந்து இறக்கினோம். அதற்கு ஆறு நிமிடம்கூட ஆகவில்லை. மேலே வந்தது கறுத்த தண்ணீர், அழுகிய முட்டை நாற்றம். கருவி ஆக்ஸிஜன் 1.8 என்று காட்டியது. ஷாமினி அதைத் துடைத்து மறுபடி அளந்தாள். 1.7.

"நானே டீச்சர்கிட்ட சொல்றேன் அக்கா. நீங்க சொல்லாதீங்க."

சொன்னாள், எல்லோருக்கும் முன்னால், அழுதுகொண்டே. வசந்தி டீச்சர் முதலில் என் பக்கம்தான் திரும்பினார்.

"நீங்க யாரு? எந்தப் பத்திரிகையிலிருந்து வந்திருக்கீங்க?"

வேலை அட்டையைக் காட்டிய பிறகும் அவருக்கு முழு நம்பிக்கை வரவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது, நானும் அவரை அரைமணி நேரம் முன்புவரை அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு மணலிலேயே உட்கார்ந்து மூன்று தாள்களையும் வரிசையாக விரித்துப் பார்த்தார். "இதை நான்தான் பார்த்திருக்கணும். என் கண்ணுல படலியே," என்றார். ஷாமினியைத் திட்டவில்லை. அந்தத் தோழியின் கால் இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டார். புகார் மூடப்பட்டதை நான் சொன்னதும், அந்த அதிகாரிகளுக்கு அங்கேயே ஒரு கடிதம் எழுதினார்: மூன்று மாத அளவுகளும் திரும்பப் பெறப்படுகின்றன, தவறு எங்களுடையது, இன்றைய அளவு இது, நீங்களே வந்து சோதியுங்கள். கீழே முதலில் தன் பெயர், அப்புறம் ஷாமினியின் பெயர். புகார் கொடுத்தவர்களுக்கும் ஒரு நகல் அனுப்பச் சொல்லி எழுதினார். அடுக்குமாடிக்காரர்கள் அன்று யாரும் வரவே இல்லை. டீ-சட்டைப் பெட்டியை அனுப்பியதோடு சரி என்றார் டீச்சர். அதை இன்னும் நான் முழுதாக நம்பவில்லை, ஆனால் ஆதாரம் எதுவும் என்னிடம் இல்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். பிடிப்புள்ள செருப்பு, மாற்று உடை, தண்ணீர் கட்டாயம். அலை அட்டவணையை முந்தின நாளே பாருங்கள், நீர் வற்றியிருந்தால் சேற்றில் கால் புதையும். பத்தரை மணிக்கு வேலை முடிந்துவிடும். வெயில் ஏறுமுன் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகலாம் என்று நினைத்திருந்தேன், அன்று கால் வரவில்லை. முக்கியமாக, பாட்டில் நிரம்புவதைக் கண்ணால் பார்க்காமல் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். போட்ட மூன்று பேரும் கெட்டவர்கள் இல்லை. அதிகாலையில் எழுந்து, உதவி செய்ய வந்தவர்கள். பிள்ளையைச் சந்தேகப்படுவது அநாகரிகம் என்று நினைத்திருப்பார்கள். இரண்டாம் இடம்வரை கூடவே நடந்திருந்தால் அவளுக்கும் பயம் இருந்திருக்காது.

நேற்று டீச்சர் செய்தி அனுப்பியிருந்தார். அதிகாரிகள் வந்து லோங்காங் தண்ணீரை எடுத்துப் போயிருக்கிறார்கள், முடிவு இன்னும் வரவில்லை. கூடவே இந்த மாதத் தாளின் படம். இரண்டாம் இடத்துக்கு நேரே எண் எதுவும் இல்லை. ஷாமினியின் எழுத்தில் ஒரு வரி மட்டும்: 'இடி மின்னல். பாலத்துக்குப் போகவில்லை. அளக்கவில்லை.'