ஜட்ஜு நம்ம பக்கம் திரும்பி உக்காந்தா போதும்

வக்கீல் தொழில்ல கேஸ் நடத்துறதுகூடப் பரவாயில்லைங்க, கட்சிக்காரருக்கு ஜட்ஜைப் பத்தி விளக்குறதுதான் உயிர் போற வேலை. கருப்புக் கோட்டு மாட்டிக்கிட்டு வேகுற சக பாவப்பட்டவங்களே, உங்களுக்குத் தெரியாததா?

கடலூர் கோர்ட்ல எனக்கு வாய்ச்சவர் கலியபெருமாள். குடிகாடு பக்கம் அரைக்காணி நிலம், அதுலயே வீடு. ரோடு போடணும்னு அரசாங்கம் அதை எடுத்துக்கிச்சு, முறையா நோட்டீஸே குடுக்காம. ஐகோர்ட்ல ஜெயிச்சோம். ஊர்ல "ஆள் புடிச்சு ஜெயிச்சிட்டான்"னு பேசிக்கிட்டாங்க. மனுஷன் நொந்துட்டாரு. அரசாங்கம் விடுமா? சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிடுச்சு. அங்க தோத்தா வீடு தரைமட்டம்.

ஜட்ஜுக்குச் சம்பளம் யாரு குடுக்குறா?

டெல்லி கேஸ்னதும் கலியபெருமாள் கேட்ட மொத கேள்வி இதுதான். அரசாங்கக் கஜானாலேர்ந்துதான்னு வாய் தவறிச் சொல்லிட்டேன். "போச்சு! அவங்க சோத்தத் தின்னுட்டு அவங்களையே எப்படிக் கேப்பாரு?"ன்னு நாற்காலிலேர்ந்து எழுந்துட்டாரு.

உக்கார வச்சு விளக்குனேன். தீர்ப்பு பிடிக்கலைன்னு யாரும் ஜட்ஜோட சம்பளத்துல கை வைக்க முடியாது, லேசுல வீட்டுக்கும் அனுப்ப முடியாது, அதுக்குப் பேருதான் சுதந்திரம்னேன். கூட வந்திருந்த கலியபெருமாளோட மச்சான் ராஜவேலுக்கு, சிப்காட் தொழிற்பேட்டைல ஒரு கம்பெனில வேலை. அவரு பெருமூச்சு விட்டாரு: "எனக்கும் அப்படி ஒரு ரூல் இருந்தா, எங்க சூப்பர்வைசரை நானும் நாலு கேள்வி கேப்பேன் மேடம்."

நம்ம ஆளா, அவங்க ஆளா?

கேஸை விசாரிக்கப் போறது ரெண்டு ஜட்ஜுங்கன்னு தெரிஞ்சுது. எப்படித்தான் துப்புத் துலக்குனாரோ ராஜவேலு, ஒருத்தர் விவசாயக் குடும்பம், இன்னொருத்தர் முன்னாடி அரசாங்க வக்கீலா இருந்தவர்னு சேதி கொண்டாந்தாரு. மொதல் பாதியக் கேட்டு எனக்கே டீ வாங்கிக் குடுத்த கலியபெருமாள், ரெண்டாவது பாதியக் கேட்டு அதைக் குடிக்கவும் விடல.

"அண்ணே, யாருக்கும் பயப்படாம இருந்தா மட்டும் பத்தாது, யார் பக்கமும் சாயாமலும் இருக்கணும். உங்க பக்கமும்தான்"னேன். கலியபெருமாள் பேரம் பேசுனாரு: "சாயவே வாணாம் மேடம். நம்ம பக்கம் திரும்பி உக்காந்தா போதும்."

ஷீல்டு

நான் குடியிருக்கிறது சிதம்பரம். அண்ணாமலை நகர்ல ஒரு மன்றத்துப் பட்டிமன்றத்துக்கு என்னை நடுவராக் கூப்பிட்டாங்க. தலைப்பு: உச்ச நீதிமன்றத்துக்குப் பெரிதும் தேவை சுதந்திரமா, நடுநிலையா? கேஸ் எப்ப வருதுன்னு விசாரிக்க வந்த கலியபெருமாளும் கூடவே வந்து மொத வரிசைல உக்காந்துட்டாரு.

மேடை ஏறப் போறேன், அமைப்பாளர் ஓடி வந்து காதுல சொல்றாரு: "மேடம், தீர்ப்ப இப்பவே சொல்லிடுங்க. ஜெயிச்ச அணிக்குக் குடுக்குற ஷீல்டுல பேர் அடிக்கணும், கடைய மூடிடுவான்." அட கண்றாவியே! வந்த கோபத்துல விறுவிறுன்னு ஏறி, எல்லாரையும் கேட்டு, ரெண்டுமே வேணும்னு தீர்ப்பு சொல்லிட்டு எறங்கிட்டேன். நல்ல கைதட்டல். கலியபெருமாள் மட்டும் தட்டல. வாசல்ல மடக்குனாரு: "ரெண்டு பக்கமும் சரின்னுட்டீங்களே, டெல்லிலயும் இப்படிச் சொன்னா என் வீட்டுல பாதிய இடிப்பாங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு.

அந்த நாள்

விசாரணைய என் ஆபீஸ்ல வீடியோல பாத்தோம். விவசாயக் குடும்பத்து ஜட்ஜு, டெல்லில நம்ம சார்பா வாதாடுன வக்கீலைத்தான் போட்டு வறுத்தாரு: நோட்டீஸ் வரலைங்கறதுக்கு என்ன ஆதாரம், விஷயம் தெரிஞ்சும் ஏன் சும்மா இருந்தீங்க. நான் ஒவ்வொண்ணா தமிழ்ல சொல்லச் சொல்ல, கலியபெருமாள் மொகம் சுண்டிப்போச்சு. ராஜவேலு, "நம்ம ஆளே இப்படிப் பண்றானே மாமா!"ன்னு தலைல கை வச்சிட்டாரு.

அப்பறம், முன்னாடி அரசாங்க வக்கீலா இருந்த ஜட்ஜு பேசுனாரு. அரசாங்கத் தரப்பைப் பாத்து, "ஒருத்தர் வீட்ட எடுக்குறதுக்கு முன்னாடி அவரை ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களா?"ன்னாரு. ரெண்டு ஜட்ஜும் ஒரே குரல்ல அப்பீலைத் தள்ளுபடி பண்ணாங்க.

வீடு நின்னுடுச்சுண்ணேன்னு சொன்னேன். துண்டை வாயில வச்சிக்கிட்டு அழுதாரு. நானும் அழுதேன், என்ன வெக்கம்? ராஜவேலு உடனே, "நான் சொல்லல? அந்த அரசாங்க வக்கீல்தான் நம்ம ஆளு!"ன்னாரு.

கலியபெருமாள் கண்ணைத் தொடச்சிக்கிட்டு அவரை மொறைச்சாரு: "சும்மா கெட மச்சான். அந்த விவசாயி வீட்டு ஜட்ஜு என்னை அவ்ளோ கேள்வி கேட்டாரே, அதுலதான் என் மானம் நின்னுது. ஆள் புடிச்சு ஜெயிச்சேன்னு இனிமே ஊர்ல எவன் சொல்லுவான்?"

என்னத்தச் சொல்ல, யாருக்கும் பயப்படாத ஜட்ஜு வேணும்னு கேஸ் போடும்போதே கேக்குற நமக்கு, யார் பக்கமும் சாயாத ஜட்ஜோட அருமை ஜெயிச்ச பிறகுதான் தெரியுது.