டிரைவர் சோணையின் நீர் மாத்திரை

காலையில் சோணை காக்கிச் சட்டையை மாட்டும்போதெல்லாம் அவர் மனைவி மலையம்மாள் எதிரே குந்தி, அவர் கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பாள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நிற்கும். 1969 கோடையில் அந்தக் குழி ஆழமாகிக்கொண்டே வந்தது.

சோணைக்குக் காரைக்குடி–சிவகங்கை பஸ்ஸில் டிரைவர் வேலை. இருதயம் தளர்ந்து உடம்பில் நீர் கோத்திருக்கிறது என்று டாக்டர் நீர் மாத்திரை கொடுத்திருந்தார்.

“மாத்திர போட்டீகளா?”

“போட்டாச்சுடி. போலீஸ்காரன் மாதிரி கேக்காத.”

அவர் போன பிறகு, துவைக்க எடுத்த சட்டையின் பையில் மாத்திரைகள் கிடந்தன. இரவு படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து அவர் மூச்சு வாங்கியது மலையம்மாளின் கண்முன் வந்தது. டாக்டரிடம் ஓடினாள்.

“ஏம்மா போடல?” டாக்டர் சிடுசிடுத்தார்.

“போட்டா அர மணியில முட்டிக்கிட்டு வருதாம்யா. பஸ் நெறய ஆள வச்சுக்கிட்டு வேலியோரமா எத்தன தடவ நிப்பாட்டுவாரு? கண்டக்டரு வேற கேலி பண்ணுறானாம். அதுக்குத் தண்ணியே குடிக்காமக் கெடக்காரு.”

“பஸ் டிரைவரா? எங்கிட்டச் சொல்லவே இல்லையே! தண்ணிய நிறுத்துனா போதாதும்மா. உடம்புல உப்பு நிக்கிற வரைக்கும் தண்ணியும் நிக்கும். மாத்திரை உப்பை சிறுநீர்ல வெளிய தள்ளும், தண்ணி அது பின்னாலயே போயிரும். ஆறு மணி நேரத்துல வேகம் அடங்கிரும். தூக்கம் கெடக்கூடாதுன்னுதான் காலையில போடச் சொன்னேன். வேலை எப்ப முடியும்?”

“ரெண்டு மணிக்கு.”

“முடிச்சுட்டு வந்து போடட்டும்.”

இவ்வளவுதானா? அவள் பஸ் ஸ்டாண்டுக்கு விரைந்தாள். இரண்டு மணி தாண்டியது. பின்னால் கிளம்பிய வண்டிகள்கூட வந்துவிட்டன. சோணையின் வண்டியைக் காணோம். கடைசியில் அது திரும்பியபோது ஸ்டீயரிங்கில் வேறொருவர் இருந்தார்.

கண்டக்டர் மாயக்கண்ணன் குதித்து இறங்கினான். “பதறாதீகக்கா. ஒக்கூர்ல வண்டிய ஓரங்கட்டிட்டுத்தான் சாஞ்சாரு.”

உள்ளே சோணை முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி மூச்சுக்குத் தவித்தார். உதடு நீலம் பூத்திருந்தது. அதே பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மாத்திரையில் இருந்த மருந்தையே நரம்பில் ஊசியாகப் போட்டார் டாக்டர். மலையம்மாள் அவர் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் சிறுநீர் போத்தல் நிறைந்தது, மறுபடியும் நிறைந்தது. கேலி செய்த மாயக்கண்ணனே கொண்டுபோய்க் கொட்டினான்.

“விடுங்கண்ணே, ஊருணி நெறையட்டும்.”

சோணை சிரிக்கப் பார்த்து இருமினார். பொழுது சாயும்போது தலையணையில் தலை வைத்துப் படுத்தார். அதற்குப் பிறகுதான் மலையம்மாள் அழுதாள்.

அதன் பின் வண்டியை விட்டு இறங்கியதும் மாயக்கண்ணன் மாத்திரையும் தண்ணீருமாக எதிரே நிற்பான். சோணை ஊறுகாயை விட்டார். உப்போடு வெளியேறும் சத்துக்காக டாக்டர் சொன்ன வாழைப்பழத்தை முணுமுணுத்தபடி தின்றார். பல வருஷம் அந்த வண்டியை ஓட்டினார்.

1976இல் ஒரு விடியற்காலை, தூக்கத்திலேயே போய்விட்டார். கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்ட வந்தவர்களை மலையம்மாள் கையமர்த்தினாள். குந்தி உட்கார்ந்து, வழக்கம்போல் அழுத்திப் பார்த்தாள்.

குழி விழவில்லை.