காய்ச்சல் இல்லை என்று தலையாட்டியது

எங்கள் பக்கத்தில் காய்ச்சலைப் பனி என்றுதான் சொல்வோம். மாதத்தில் இரண்டு தடவை ஆஷா, வீடு வீடாக வந்து நோய் விசாரித்து எழுதுகிற சுகாதாரப் பணியாளர், வீட்டு முற்றத்தில் வந்து நின்று, "அம்மா, பனி உண்டோ?" என்று கேட்பாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றே இல்லை என்று தலையை ஆட்டுவேன். அவள் நோட்டில் ஒரு வட்டம் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவாள். அந்த வட்டம் எங்கே போகும், அதை வைத்து யார் என்ன செய்வார்கள் என்று நான் யோசித்ததே இல்லை.

நாலாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. நாலு பேர் கூடிய இடத்தில் எனக்குப் பேச்சு வராது. எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை, அதனால் இதை எழுத முடிகிறது.

வீடு கேரள எல்லையில், குன்னத்துகால் பக்கம். அரசாங்கத்தின் நூறு நாள் வேலைக்கு, இங்கே தொழிலுறப்பு என்று சொல்வது, பல வருஷமாகப் போகிறேன். அந்த மழைக்காலத்தில் எங்களுக்குக் கிடைத்தது தோடு சுத்தம் பண்ணுகிற வேலை. வயலுக்கும் வாழைத் தோட்டத்துக்கும் நடுவே ஓடுகிற சின்ன ஓடைதான் தோடு. பதினெட்டுப் பெண்கள் இருந்தோம். மேற்பார்வைக்காரி கயிறு பிடித்து அளந்து ஆளுக்கு ஒரு பங்கு தருவாள். முதல் நாள் எந்தப் பங்கோ, வேலை முடிகிற வரை அதுதான். ஒருத்தி வராவிட்டால் பக்கத்துப் பங்குக்காரி அவளுடையதையும் சேர்த்துப் பார்ப்பாள். யாரும் போட்ட சட்டமில்லை, வழக்கம்.

எனக்கு வந்தது கடைசிப் பங்கு, சின்னப் பாலத்துக்கு அடியில். அங்கே யாரோ கோழிக்கடைக் கழிவைச் சாக்குச் சாக்காகக் கொண்டு தட்டியிருந்தார்கள். மண்வெட்டி வைத்தால் எலி பாயும். எனக்கு அடுத்த பங்கு என் சிநேகிதிக்கு, கூட்டுக்காரி என்போம். மிஷன் சபையைச் சேர்ந்தவள், என்னைவிடப் பத்து வயது இளையவள். எனக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள்.

"அக்கா வாயத் திறந்தா முத்து உதிந்துருமாக்கும். பெறக்க நாங்க பதினேழு பேரு நிக்கோம், சும்மா பேசு" என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் குனிந்துகொண்டு சிரிப்பேன்.

முந்தின வருஷம் வேலைக்கு இறங்கும் முன் எலிப்பனி, எலி மூத்திரம் கலந்த தண்ணீரால் வருகிற காய்ச்சல், வராமலிருக்க மாத்திரை தந்தார்கள். இந்த வருஷம் வரவில்லை. எங்கள் வார்டில் பனி இல்லை, பனி உள்ள வார்டுகளுக்கு முதலில் கொடுக்கிறார்கள் என்றாள் மேற்பார்வைக்காரி. நல்ல காரியம் என்று நினைத்தோம்.

பனி இல்லாமல் இல்லை. நாங்கள் சொல்லாமல் இருந்தோம். கொரோனா காலத்தில் பனி என்று சொன்ன வீட்டு வாசலில் காகிதம் ஒட்டினார்கள். பக்கத்து வீட்டார் பாலை ரோட்டில் வைத்துவிட்டு ஓடினார்கள். அன்றைக்குக் கற்றுக்கொண்ட "இல்லை" அது. வேலை நடக்கும் இடத்தில் பனி என்றால் வேலையை நிறுத்திவிடுவார்கள் என்ற பயமும் கூட உண்டு. பனி வந்தால் பனச்சமூட்டுக்கு பஸ் ஏறுவோம். அங்கே ரோட்டைத் தாண்டினால் தமிழ்நாடு. அந்தப் பக்கத்தில் ஊசி போட்டுக்கொண்டு வந்துவிடலாம். பேரும் வயதும் மட்டும் எழுதுவார்கள். ஊர் கேட்டால் அங்கே கட்டிக்கொடுத்த மகளுடைய ஊரைச் சொல்வோம். எங்கள் பனி கேரளக் கணக்கிலும் ஏறாது, தமிழ்நாட்டில் ஏறினாலும் வேறு ஊர்ப் பேரில் ஏறும்.

வேலை தொடங்கி இரண்டாவது வாரம் எனக்கு உடம்பு கொதித்தது. கெண்டைக்கால் இரண்டும் கல்லால் அடித்ததுபோல் வலித்தன. கண் சிவந்துவிட்டது. மார்த்தாண்டம் பக்கம் ஒரு கல்யாண வீடு என்று மேற்பார்வைக்காரியிடம் சொல்லிவிட்டு, ரோட்டைத் தாண்டிப் போய் ஊசி போட்டுக்கொண்டேன். நாலு நாள் படுத்திருந்தேன். ஐந்தாம் நாள் வேலைக்குப் போனபோது கூட்டுக்காரி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"கல்யாணச் சோறு தின்னு மெலிஞ்ச ஆளை இப்பத்தான் பாக்கேன். நாலு நாளும் ஒனக்க பங்குச் சேத்தையும் நான்தான் கோரிப்போட்டேன், தெரியுமா? அடுத்த கல்யாணத்துக்கு எனக்கும் ஒரு எலை போடச் சொல்லு."

நான் சிரித்தேன். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டில் இறங்கினேன்.

அடுத்த வாரமே அவள் விழுந்தாள். முதலில் பனி. பிறகு கண் மஞ்சளாகிவிட்டது. மஞ்சள் காமாலை என்று வீட்டில் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் மூத்திரம் நின்றுபோக, மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே டாக்டர், இவளோடு வேலை செய்கிற வேறு யாருக்காவது பனி வந்ததா என்று கேட்டாராம். அவளுடைய வீட்டுக்காரர் ஆஷாவுக்குப் போன் பண்ணினார். ஆஷா நேரே தோட்டுக் கரைக்கு வந்தாள்.

கஞ்சி குடித்துக்கொண்டிருந்தோம். "உங்கள்ல யாருக்கெல்லாம் பனி வந்தது?" என்று கேட்டாள்.

"ஒருத்திக்கும் இல்ல. எல்லாரும் கல்லுபோல இருக்கோம்" என்றாள் ஒருத்தி.

"கல்லுக்கு நடுவுல அவளுக்கு மட்டும் எங்கேருந்து வந்துது?" ஆஷா நோட்டைத் திறந்து காட்டினாள். எல்லாம் வட்டம். "நீங்க இல்லன்னு சொன்னீங்க, நான் வட்டம் போட்டேன். இதைப் பாத்துத்தான் மேல இருக்கவங்க இந்த வார்டுக்கு மாத்திரை அவசரமில்லன்னு வச்சாங்க. ஒரு வீட்டுப் பனி வெறும் பனியாக்கும். ஒரே தோட்டுல ஒரே மாசம் நாலஞ்சு பேருக்கு வந்தா, காரணம் இந்தத் தோட்டுலதான் இருக்கும். எனக்கு நீங்க சொன்னாத்தானே தெரியும்? அங்க அவ கெடக்கா, டாக்டருக்கு எந்தப் பனின்னு தெரியணும்."

கஞ்சிப் பாத்திரத்தைக் கீழே வைத்தேன். எனக்காகப் பேசுகிறவள் அன்று அங்கே இல்லை.

"எனக்கு வந்துது" என்றேன்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். என் குரலையே சிலர் அன்றுதான் கேட்டிருப்பார்கள்.

"எப்ப அம்மா?"

"கல்யாணத்துக்குப் போனேன்லா, அப்ப. கல்யாணம் ஒண்ணும் இல்ல."

ஒருத்தி சிரித்துவிட்டாள். அடுத்து, "எனக்கும் வந்துது" என்றாள் இன்னொருத்தி. "நானும் அங்கதான் ஊசி போட்டேன்" என்றாள் மூன்றாமவள். கடைசியில் ஐந்து பேர் இருந்தோம். ஆஷா நோட்டின் பின்பக்கத்தில் தோட்டை ஒரு கோடாக வரைந்து, அவரவர் பங்கில் ஒரு புள்ளியும் தேதியும் வைத்தாள். புள்ளிகள் எல்லாம் பாலத்துப் பக்கம். மேல்கோடியில் ஒன்றுகூட இல்லை. படிக்காத எனக்கும் அது ஒரு பார்வையில் புரிந்தது. ஆஷா அப்போதே டாக்டருக்குப் போன் பண்ணிச் சொன்னாள்.

மறுநாள் எங்களுக்கு ரத்தம் எடுத்தார்கள். மாத்திரை வந்தது, காலுக்கு பூட்ஸ் வந்தது. சாக்குகளை அள்ளி முடிக்கிற வரைக்கும் வேலை நின்றது, ஒரு வாரம்தான்.

கூட்டுக்காரிக்குச் சில தடவை டயாலிசிஸ் செய்ய வேண்டிவந்தது. எலிப்பனிதான். இரண்டு மாதம் கழித்து வீட்டுக்கு வந்தாள். நேந்திரம்பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். பாதி ஆளாக இருந்தாள். பேச்சு குறையவில்லை.

"நீ பேசினியாமே! நான் ஆஸ்பத்திரியில கெடந்த நேரம் பாத்தா பேசணும்? இன்னொருக்க சொல்லு, காதால கேக்கட்டு."

"எனக்கு வந்துது" என்றேன்.

சிரித்தாள். பிறகு, "எந்த நாளு?" என்று கேட்டாள். சொன்னேன். அவள் விரலை மடக்கினாள். நாலு விரல் மடங்கியதும் நின்றது.

"அந்த நாலு நாளும் ஒனக்க பங்குல நான் நின்னேன்."

"ஆமா."

"எனக்கு அப்ப கால்ல வெட்டு இருந்துது. சொல்லியிருந்தா எறங்கியிருக்க மாட்டேன்."

"ஆமா" என்றேன். அவள் பழத்தை உரித்துப் பாதியை என்னிடம் நீட்டினாள். நாலு வார்த்தை ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

அவள் இன்னும் வேலைக்கு வரவில்லை. என் பக்கத்துப் பங்கில் இப்போது வேறு ஒருத்தி நிற்கிறாள், புதுசு, என்னைப்போலவே பேசாதவள். காலையில் தோட்டில் இறங்கும் முன் பனி உண்டா என்று கேட்பேன். அவள் தலையை ஆட்டுவாள். அது போதாது, வாயால் சொல்லு என்பேன்.