டிலுக்ஷியின் அரைப்பேர்

ஒரு மாதத்துக்கு மேலாக நான் கல்லாகக் கிடந்தேன். கல்லாக்கியவள் டிலுக்ஷி. மற்ற நாட்களில் நான் உக்குவளையில் மிளகும் கராம்பும் வாங்கி விற்கும் றம்ஸி. ஞாயிறு பின்னேரங்களில் மட்டும், என் கடையின் பின்னறையில், ஒரு வாள்வீரன். இருபது பக்கத் தாயக்கட்டையை உருட்டி ராட்சசர்களோடு சண்டை பிடிப்பவன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள், எனக்கென்ன.

இந்தப் பைத்தியத்தைக் கொண்டுவந்தவளே அவள்தான். எல்கடுவ தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்தவள். சீகிரியாவில் ஒரு ஹோட்டலில் வேலை செய்தபோது, மழையில் மாட்டிக்கொண்ட வெள்ளைக்காரர்கள் கற்றுக்கொடுத்தார்களாம். இப்போது என் பக்கத்துக் கடையில் போட்டோ கொப்பி எடுக்கிறாள். கதை சொல்வது, ராட்சசனை அனுப்புவது, வென்றவர்களுக்குப் பொயின்ட் கொடுப்பது எல்லாம் அவள் வேலை. பொயின்ட் சேர்ந்தால் லெவல் ஏறும், ஆள் பலமாவான். மேசையில் நாங்கள் கராம்புகள், ராட்சசன் சாதிக்காய்.

அவளிடம் எனக்குப் பிடிபடாத ஒன்று உண்டு. பள்ளிப் பிள்ளைகளைக் கண்டால் சும்மாவே கொப்பி எடுத்துக் கொடுத்துவிடுவாள், அவ்வளவு இரக்கம். விளையாட்டில் மட்டும் ஆள் குறைந்தாலும் ராட்சசனின் பலத்தைக் குறைக்க மாட்டாள். அடித்து வீழ்த்தாவிட்டால் பாதிப் பொயின்ட்தான். அதற்கு அவள் வைத்த பெயர் அரைப்பேர். ஏன் இப்படி என்று யோசித்து யோசித்தே எனக்குத் தலை காய்ந்தது.

அன்று கதையில் பௌர்ணமி. நிலா மறைவதற்குள் என் மனைவி ஜெஸ்லா ஐந்தாம் லெவலுக்கு ஏறினால், அவளுடைய பாத்திரமான வைத்தியச்சி என்னை உயிர்ப்பிக்கலாம். இல்லாவிட்டால் நான் கல்லோடு கல். இரண்டு வருடம் வளர்த்த ஆள்! வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பகல் சோறு எனக்கு இறங்கவில்லை.

பாலத்தை மறித்து நின்றது மூன்று பேருக்கான ராட்சசன். எங்கள் பக்கம் ஜெஸ்லாவும் அவள் தம்பி அக்ரமும் மட்டும்.

"ரெண்டு பேர்தானே இருக்கோம், கொஞ்சம் கொறைங்களேன்" என்று அக்ரம் கெஞ்சினான்.

"வெயில்ல கொழுந்து இல்லாட்டி தோட்டத்துல கிலோவ கொறைக்கிறாங்களா?" என்றாள் டிலுக்ஷி.

ஜெஸ்லா சண்டைக்கே போகவில்லை. ராட்சசனை விசாரிக்கத் தொடங்கினாள். "ஏன் இங்க நிக்கிறீங்க? யாரு நிக்கச் சொன்னது? சாப்பிட்டீங்களா?" ராட்சசனுக்காகப் பதில் சொல்லிச் சொல்லி டிலுக்ஷிக்குத் தொண்டை வறண்டது. கடைசியில் பாலத்துக்கு அடியில் அவன் குட்டி காய்ச்சலில் கிடப்பது தெரிந்தது. ஜெஸ்லா மருந்து கொடுத்தாள். தாயக்கட்டையும் நன்றாக விழுந்தது. ராட்சசன் வழி விட்டான்.

"சண்டை இல்ல. அரைப்பேர்" என்றாள் டிலுக்ஷி.

"அநியாயம்! மச்சான் கல்லாவே கெடக்கிறதா?" என்று அக்ரம் குதித்தான். கல் பேசக்கூடாது என்பதும் அவள் போட்ட சட்டம். நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

ஜெஸ்லா மட்டும் அமைதியாகக் கேட்டாள். "அரைப்பேர்னா என்ன டிலுக்ஷி? எனக்கு இன்னும் வெளங்கல்ல."

"நாள் முழுக்க மலையில கொழுந்து எடுத்தாலும் கிலோ நெறையலன்னா அரை நாள் வேலைன்னுதான் போடுவாங்க. அதான் அரைப்பேர். அம்மாவுக்கு எத்தன தடவ போட்டிருக்காங்க! அந்தத் தராச கண்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும்."

"யாரு போடுறது?"

"கணக்கப்பிள்ள."

"அப்ப இங்க கணக்கப்பிள்ள யாரு?"

ஜெஸ்லா குத்திக் கேட்கவில்லை. எதையும் அடிவேர் வரை கேட்டுத் தெரிந்துகொள்வது அவள் சுபாவம். ஆனால் டிலுக்ஷியின் கை தாயக்கட்டையின் மேல் அப்படியே நின்றுவிட்டது.

"அட கடவுளே" என்றாள். சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. "இந்தச் சட்டம் வெளையாட்டு புத்தகத்துல இல்லக்கா. நானாத்தான் போட்டேன். வேற மாதிரி போட எனக்குத் தெரியல்ல."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தாள். "பாலத்த தாண்டிட்டீங்கதானே? முழுப்பேர்."

ஐந்தாம் லெவல்! ஜெஸ்லா என் கராம்பை நிமிர்த்தி வைத்தாள். "எழும்புங்க, போதும் கெடந்தது" என்றாள்.

ஒரு மாதமாக டிலுக்ஷிக்கென்று திட்டுகளைச் சேர்த்து வைத்திருந்தேன். ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"அம்மாவையும் ஒருநாள் வெளையாடக் கூட்டிட்டு வாங்களேன்" என்றேன்.

"அம்மாவா?" என்று கண்ணைத் துடைத்தாள் டிலுக்ஷி. "அவங்க வந்தா ராட்சசனுக்கும் சேத்து முழுப்பேர் போட்டிருவாங்க, றம்ஸி நானா."